மோவாயை எடுத்தால் விழித்துக்கொள்ளும் மான்குட்டி

ஒரு காட்டில், ஓடைக்கும் பாறைக் கரட்டுக்கும் நடுவே, ஆள் நின்றால் தலை தெரியாத உயரத்துக்குப் புல் வளர்ந்த ஓர் இடம் இருந்தது. புள்ளிமான்கள் தங்கள் குட்டிகளை ஒளித்து வைக்கிற இடம் அது.

மான்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியுமா, பிள்ளைகளே? தெரியாவிட்டால் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். நடுவில் கதையை நிறுத்திக் கேள்வி கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

குட்டி பிறந்ததும் தாய்மான் அதைப் புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டு மேயப் போய்விடும். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் வந்து பால் கொடுக்கும். மற்ற நேரமெல்லாம் குட்டி தனியாகச் சுருண்டு, சத்தம் காட்டாமல் தூங்க வேண்டும். பிறந்த குட்டியின் உடம்பில் வாசனை இல்லையென்றே சொல்லலாம். நரி பக்கத்தில் நடந்து போனாலும் மூக்குக்குத் தெரியாது. ஆனால் தாயின் உடம்பில் வாசனை உண்டு. அதனால் தாய் தள்ளி நிற்பதுதான் குட்டிக்குப் பத்திரம்.

இது அந்தக் காட்டில் எல்லா மான்களுக்கும் தெரியும். செம்பி என்ற மானுக்கும் தெரியும். தெரிந்தும் அவள் அப்படிச் செய்யவில்லை.

காரணம் இருந்தது. போன வருஷம் செம்பிக்கு முதல் குட்டி பிறந்தது. அதை நக்கித் தூங்க வைத்துவிட்டு, வழக்கப்படி ஓடைக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் புல் மட்டும்தான் இருந்தது. அன்றைக்கே அவள் மனசுக்குள் ஒன்றை முடிச்சுப் போட்டுக்கொண்டாள். 'நான் விட்டுப் போனதால்தான் என் தங்கம் போயிற்று. இனி ஒரு குட்டி பிறந்தால் ஓர் அடி நகர மாட்டேன்.'

இந்த வருஷம் மொக்கு பிறந்தது. செம்பி நகரவில்லை. சொன்ன சொல் தவறாத மகராசி!

மொக்குவுக்குக் கண் சொக்கினால் போதும், செம்பி பக்கத்தில் படுத்துக்கொண்டு அதன் காதுக்குப் பின்னால் நக்குவாள். பிறகு தன் மோவாயை அதன் முதுகில் வைத்து அழுத்திக்கொள்வாள். அந்தக் கனத்தில் மொக்கு சொகுசாகத் தூங்கும். மோவாயை எடுத்தாளோ இல்லையோ, "ம்மீ!" என்று கத்திக்கொண்டு விழித்துவிடும். திரும்பவும் நக்க வேண்டும். திரும்பவும் மோவாயை வைக்க வேண்டும்.

ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, எட்டு நாள் இதே பாடுதான்.

அவளுக்குப் பசிக்காதா என்று கேட்பீர்கள். பசித்தது. குட்டி அசந்த கொஞ்ச நேரத்தில் கழுத்தை நீட்டி, வாய்க்கு எட்டிய புல்லைக் கடித்தாள். அது தீர்ந்ததும் இன்னும் கொஞ்சம் எட்டிக் கடித்தாள். எட்டாம் நாள் முடிவதற்குள், மொக்குவை மறைத்து நின்ற புல் முழுவதையும் அவளே தின்று தீர்த்திருந்தாள். வட்டமாக வெறும் மண் தெரிந்தது. அந்த வட்டத்துக்குள் மிச்சம் இருந்தது ஓர் இண்டம்புதர் மட்டும்தான்.

இண்டம்புதரை எந்த மானும் தின்னாது. அதன் முள் ஒவ்வொன்றும் உள்நோக்கி வளைந்த கொக்கி. நுழைவதற்கு வழி விடும். திரும்பி வரும்போதுதான் பிடித்துக்கொள்ளும்.

ஒன்பதாம் நாள் காலை, செம்பியின் தலைக்கு மேலே ஒரு கூச்சல் கேட்டது.

"அடியே செம்பி! உனக்குக் கண்ணு தெரியலையா, புத்தி தெரியலையா?"

கத்தியது தித்தி. ஆட்காட்டிக் குருவி. ஓடைக்கரைக் கூழாங்கற்களுக்கு நடுவில் நான்கு குஞ்சுகளை வளர்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காட்டில் அவளைவிடப் பெரிய வாய் யாருக்கும் கிடையாது.

"மெதுவாப் பேசு," என்றாள் செம்பி. "இப்பத்தான் கண்ணசந்துது."

"மேலேயிருந்து பார்த்தா என்ன தெரியுது தெரியுமா? சுத்தியும் பச்சை, நடுவிலே ஒரு மொட்டை. மொட்டைக்கு நடுவிலே உன் பிள்ளை. கழுகுக்கு இலை போட்டுப் பரிமாறி வச்சிருக்கியா?"

"நான்தான் பக்கத்திலேயே இருக்கேனே!"

"இருக்கே, இருக்கே. எத்தனை நாளைக்கு இருப்பே? உன் கண்ணைப் பாரு, குழி விழுந்து கிடக்கு. விலா எலும்பை எண்ணிடலாம் போல இருக்கு. ஓடைக்குப் போய் ஒரு வாய் தண்ணி குடிச்சியா?"

"போக மாட்டேன்! போன வருஷம் போய்த்தானே என் பிள்ளையைத் தோத்தேன்?"

தித்தி பேச்சை நிறுத்தினாள். அவள் பேச்சை நிறுத்துவது சாதாரண விஷயம் இல்லை. இறக்கையை மடக்கிக்கொண்டு, வெறும் மண்ணில் வந்து இறங்கினாள்.

"சொல்ல வேண்டாம்னு ஒரு வருஷமா வாயைக் கட்டி வச்சிருந்தேன்," என்றாள். "அன்னிக்கு நான் ஓடைக்கரைக் கல்மேட்டிலேர்ந்து பார்த்தேன். நரி வந்தான். உன் பிள்ளை தூங்கிக்கிட்டு இருந்துது. அதுக்குப் பக்கத்திலேயே நடந்து தாண்டிப் போயிட்டான். அவனுக்குத் தெரியவே இல்லே."

"அப்புறம்?"

"அது முழிச்சுது. முதுகிலே உன் மோவாய் இல்லே. எழுந்து கத்திக்கிட்டே உன்னைத் தேடிப் புல்லை விட்டு வெளியே வந்துது. அதுக்கப்புறம்தான்டி..."

"பொய்!" செம்பி துள்ளி எழுந்து முன்னங்காலால் மண்ணை உதைத்தாள். "என் பிள்ளை செத்ததுக்கு என் மோவாய்தான் காரணமா? வாய்க்கு வந்ததைப் பேசாதே! போ இங்கிருந்து!"

தித்தி பறந்து போனாள். செம்பி எழுந்ததும் மொக்கு விழித்துக்கொண்டது. "ம்மீ! ம்மீ!" என்று கத்தியபடி மடியைத் தேடி வந்து முட்டியது. ஒரு காம்பைச் சப்பியது. பால் வரவில்லை. இன்னொன்றைச் சப்பியது. அதிலும் வரவில்லை. தலையை உயர்த்தி அம்மாவைப் பார்த்தது. பிறகு திரும்பவும் முட்டியது.

எட்டு நாள் சரியாக மேயாத உடம்பில் பால் எங்கிருந்து வரும்?

செம்பி தித்தியைப் பொய்க்காரி என்று விரட்டிவிட்டாள். ஆனால் முதல் குட்டியையும் அவள் இப்படித்தான் மோவாயை வைத்துத் தூங்க வைத்தாள். அது அவளுக்குத் தெரியாதா? இங்கேயே இருந்தால் மொக்கு பசியில் செத்துப் போகும். விட்டுப் போனால் எழுந்து கத்தும், நரி வாயில் விழும். எந்தப் பக்கம் போனாலும் பிள்ளை பிழைக்காது. அவள் நின்ற இடத்திலேயே அழுதாள்.

அழுது முடித்து, கல்மேட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். "அக்கா! தித்தியக்கா!"

அதற்கு முன்னால் அவள் தித்தியை அக்கா என்று கூப்பிட்டதே இல்லை. அடுத்த நொடி தித்தி வந்து நின்றாள். கூப்பிடட்டும் என்று பக்கத்திலேயேதான் காத்துக்கொண்டிருந்தாள், அது வேறு விஷயம்.

"என்ன செய்யணும், சொல்லு," என்றாள் செம்பி. "அழ விட்டுட்டு ஓடிப் போகணுமா?"

"அட மக்கு! ஓடிப் போகச் சொன்னது யாரு? முதல்லே இந்த மொட்டையை விட்டுக் கிளம்பு. ஓடைக்கு அக்கரையிலே நல்ல அடர்த்தியான புல் இருக்கு. பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போய், பக்கத்திலே நிக்க வச்சுக்கிட்டு வயிறு முட்ட மேய். பால் ஊறட்டும். பசி வயித்தோட தூங்குன்னா எந்தப் பிள்ளை தூங்கும்?"

"அப்புறம்?"

"தூங்கப் போகும்போது எது பக்கத்திலே இருக்கோ, அதைத்தான் முழிக்கும்போது தேடும். அதனாலே முழுசாத் தூங்கறதுக்கு முன்னாடியே மோவாயை எடுத்துடு. கண்ணு பாதி சொக்கியிருக்கும்போதே எழுந்து பக்கத்திலே நில்லு. நாளைக்கு ரெண்டடி தள்ளி நில்லு. மறுநாள் இன்னும் தள்ளி நில்லு."

"அழுதா?"

"அழுகையைக் காது கொடுத்துக் கேளு. பசி அழுகைன்னா ஓடி வா. பயந்த அழுகைன்னா பறந்து வா. தூக்கத்துக்குச் சிணுங்கறது வேற. அது விட்டு விட்டு வரும், வர வரத் தேயும். அதுக்கு மட்டும் ஓடாதே. என் குஞ்சுங்க நாலும் கல்லோட கல்லாக் கிடந்து தூங்குதே, சும்மாவா வந்துது? எனக்கு எத்தனை நாள் பட்ட பாடு தெரியுமா?"

"நீ இந்தக் கத்துக் கத்துறே, அதுங்க அமைதியா இருக்கா?"

"நான் கத்தறதாலேதான் அதுங்க கத்தறதில்லே. போடி, பேச்சு போதும்!"

அன்றைக்கே செம்பி மொக்குவை ஓடையின் ஆழமில்லாத இடத்தில் இறக்கி, அக்கரைக்குக் கூட்டிப் போனாள். பிள்ளையை உரசியபடியே மேய்ந்தாள். ஓடைத் தண்ணீரை வயிறு கொள்ளக் குடித்தாள். மாலையில் மடி கனத்தது. மொக்கு கண்ணை மூடிக்கொண்டு சப்புச் சப்பென்று குடித்தது.

குடித்து முடித்ததும் தள்ளாடியது. செம்பி அதைப் புல்லில் படுக்க வைத்து, காதுக்குப் பின்னால் ஒரே ஒரு தரம் நக்கினாள். தொண்டைக்குள் மெதுவாக "ம்ங்" என்று செருமினாள். 'அம்மா தள்ளிப் போகிறேன், திரும்பி வருவேன்' என்பதற்கு அந்தச் செருமல்தான் அடையாளம். பிறகு எழுந்து நின்றாள்.

மொக்குவுக்கு இது பிடிக்கவே இல்லை. என்ன அநியாயம் என்பதுபோல் கத்தியது.

செம்பி குனியப் போனாள். குனிந்து மோவாயை வைத்துவிட்டால் அந்த நிமிஷமே அழுகை நின்றுவிடும். எவ்வளவு சுலபம்! பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பசி அழுகையா? இல்லை, வயிறு புடைத்திருக்கிறது. பயமா? இல்லை, அம்மாதான் எதிரில் நிற்கிறாளே. கேட்டுக்கொண்டே நின்றாள். மொக்கு கத்தியது, நிறுத்தியது, அம்மாவைப் பார்த்தது. திரும்பவும் கத்தியது, ஆனால் முன்னைவிடச் சின்னதாக. தலையை இந்தப் பக்கம் வைத்தது, அந்தப் பக்கம் வைத்தது. எதுவும் சரிப்படவில்லை. கடைசியில் பின்னங்காலை முன்னால் இழுத்து, தன் சின்ன மோவாயைத் தன் தொடைமேலேயே வைத்துக்கொண்டது.

கண் மூடியது.

செம்பி மூச்சு விடக்கூடப் பயந்துகொண்டு நின்றாள்.

மறுநாள் இரண்டடி தள்ளி நின்றாள். பத்து மூச்சு அழுதது, தூங்கியது. அதற்கு மறுநாள் ஓர் ஆவாரஞ்செடிக்குப் பின்னால் போய் நின்றாள். அம்மா கண்ணில் படவில்லை என்றதும் மொக்கு காடே கேட்கும்படி அலறியது. செம்பியால் தாங்க முடியவில்லை. ஓடி வந்து படுத்து, நக்கு நக்கென்று நக்கி, மோவாயை வைத்துவிட்டாள்.

"கெடுத்தியா? எல்லாத்தையும் கெடுத்தியா?" என்று மேலேயிருந்து வசவு வந்தது.

"பயந்துட்டான்க்கா! நான் மறைஞ்சதும் பயந்துட்டான்!"

தித்தி கீழே இறங்கி வந்தாள். "சரிதான். பயந்த அழுகைக்கு வந்தே, தப்பில்லே. ஆனா நாளைக்கு செடிக்குப் பின்னாடி போகாதே. செடிக்கு முன்னாடி நில்லு. அவசரப்பட்டது நீதான், அவன் இல்லே."

அப்படியே செய்தாள். முதலில் செடிக்கு முன்னால் நின்றாள். அது பழகிய பிறகு செடிக்குப் பின்னால் போனாள். பிறகு பாறைக்கு அப்பால் போனாள். ஒவ்வொரு தடவையும் அதே ஒரு நக்கு, அதே "ம்ங்". ஏழாம் நாள் காலையில் செம்பி செருமியபோது மொக்கு சிணுங்கக்கூட இல்லை. தொடைமேல் மோவாயை வைத்து அரைக்கண்ணால் அவளைப் பார்த்தது, அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் செம்பி முதல்முதலாகத் தனியாக ஓடைக்குப் போனாள்.

அன்றைக்குத்தான் தேனப்பனும் வந்தான்.

தேனப்பன் ஒரு நரி. இனிக்க இனிக்கப் பேசுவான், அதனால் அந்தப் பெயர். கரட்டு மேலிருந்து அந்த மொட்டை வட்டத்தைப் பல நாளாகவே பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தான். தாய் பக்கத்திலேயே இருந்ததால் அவள் குளம்புக்குப் பயந்து கிட்டே வரவில்லை. நடுவில் சில நாள் வேறு பக்கம் வேட்டைக்குப் போயிருந்தவன், இன்றைக்குத் திரும்பி வந்து, அவள் தனியாக ஓடையில் நிற்பதைப் பார்த்தான். நேரே மொட்டை வட்டத்துக்கு ஓடினான். மண் இருந்தது, இண்டம்புதர் இருந்தது, குட்டி இல்லை. மோந்து மோந்து பார்த்தான். தாயின் பழைய வாசனைதான் வந்தது. குட்டியை வேறெங்கோ ஒளித்துவிட்டாள் என்று புரிந்தது. எங்கே என்று யாரிடம் கேட்பது? அவளிடமே கேட்டுவிட வேண்டியதுதான்!

செம்பி ஆழமில்லாத தண்ணீரில் நின்று குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அக்கரை, மொக்கு தூங்கும் புல். எதிரே இக்கரை. அங்கே வந்து உட்கார்ந்தான் தேனப்பன்.

"சௌக்கியமா, தங்கச்சி? இளைச்சுப் போயிட்டியே!"

செம்பிக்கு அவன் யாரென்று தெரியும். ஆனாலும் தலையை நிமிர்த்தவில்லை. "சௌக்கியம்தாண்ணே," என்றாள்.

"பிள்ளை பிறந்திருக்காமே? கேட்டதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! ஆமா, பிள்ளையை எங்கே விட்டுட்டு வந்தே?"

"தூங்கறான்."

"தனியாவா? அடப் பாவமே! தங்கச்சி, நான் வர்ற வழியிலே ஒரு குட்டி அழற சத்தம் கேட்டுதே. உன் பிள்ளையா இருக்குமோ? என் மனசே கேக்கலை. போய் ஒரு எட்டுப் பார்த்துட்டு வாயேன்."

செம்பியின் கழுத்து தானாகவே அக்கரைப் பக்கம் திரும்பப் பார்த்தது. இழுத்துப் பிடித்துக்கொண்டாள். திரும்பினால் போயிற்று! அவன் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். கண் எந்தப் பக்கம் ஓடுகிறது, காது எந்தப் பக்கம் மடங்குகிறது என்று பார்க்கிறான். அவள் குனிந்து இன்னும் தண்ணீர் குடித்தாள். தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. குடிப்பதுபோல் வாயை மட்டும் அசைத்தாள்.

"அழாதுண்ணே," என்றாள்.

"அப்படிச் சொல்லாதே. பச்சைப் பிள்ளை. முழிச்சுப் பார்த்து, அம்மாவைக் காணோம்னு எழுந்து, கத்திக்கிட்டே புல்லை விட்டு வெளியே வந்துட்டா? போன வருஷம் உன் முதல் பிள்ளை வந்த மாதிரி?"

செம்பி வாயசைப்பதை நிறுத்தினாள்.

முதல் குட்டி எழுந்து வெளியே வந்தது அவளுக்கே ஏழு நாளைக்கு முன்புதான் தெரியும். பார்த்தது தித்தி. தித்தி யாரிடமும் சொன்னதில்லை. அப்படியானால் அதைப் பார்த்த இன்னொருவன் யார்? அந்தக் குட்டியைத் தூக்கிப் போனவன்தான்.

அவனா? இவனா என் பிள்ளையைத் தின்றவன்? என் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு தங்கச்சி என்கிறானா?

பாய்ந்து மிதித்துக் கொன்றுவிடலாமா என்று உடம்பெல்லாம் கொதித்தது. மிதிக்கப் போனால் ஓடுவான். ஓடி, சுற்றிக்கொண்டு அக்கரைக்கு வருவான். அசையாமல் நின்றாள்.

அந்த நேரம் பார்த்து, அக்கரையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ம்மீ."

மொக்கு விழித்துக்கொண்டுவிட்டது.

தேனப்பனின் இரண்டு காதும் அக்கரைப் பக்கம் விறைத்தன. "கேட்டியா? கூப்பிடுது பாரு!" என்றான். அவன் குரல் நடுங்கியது, சந்தோஷத்தில்.

ஒரு சத்தத்தில் அவனுக்குத் திசை மட்டும்தான் தெரியும். இன்னொரு சத்தம் வந்தால் இடமே தெரிந்துவிடும். அந்த "ம்மீ" அவள் காதிலேயே நின்றது. பசியா? இல்லை, விடியற்காலையில்தான் வயிறு நிறையக் குடித்தது. பயமா? பயம் என்றால் இழுத்துக் கத்தியிருக்கும். இது அந்தச் சிணுங்கல். ஏழு நாளாகக் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடமான சிணுங்கல். இந்நேரம் தலையை இந்தப் பக்கம் வைத்துப் பார்க்கும், அந்தப் பக்கம் வைத்துப் பார்க்கும். பிறகு பின்னங்காலை இழுத்துக்கொள்ளும்.

இழுத்துக்கொள்ளுமா? இல்லை, எழுந்து வருமா?

அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். உலகத்தில் எந்தத் தாயும் எடுக்கக் கூசும் முடிவு அது.

"ஐயோ! என் பிள்ளைதாண்ணே!" என்று அலறினாள். "நல்ல வேளை சொன்னீங்க! முழிச்சுட்டான்!"

அலறிவிட்டு ஓடினாள். அக்கரைக்கு அல்ல, பிள்ளைகளே. அழும் குட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இக்கரையில் ஏறி, தேனப்பனைத் தாண்டி, அந்தப் பழைய மொட்டை வட்டத்தைப் பார்த்து ஓடினாள்.

தேனப்பன் திகைத்துப் போனான். சத்தம் அந்தப் பக்கம் அல்லவா வந்தது? ஒரு காதைத் திருப்பி அக்கரையைக் கேட்டான்.

ஓடிக்கொண்டிருந்த செம்பியும் கேட்டாள். கால் இங்கே ஓடியது, உயிர் அங்கே கிடந்தது. 'அழாதே கண்ணு. எழுந்துக்காதே கண்ணு. மோவாயைக் காலிலே வச்சுக்கோ. வச்சுக்கோ, என் ராசா.'

அக்கரைப் புல் அசையவில்லை. தட்டான் ஒன்று பறந்தது. தண்ணீர் ஓடியது. வேறு சத்தமே இல்லை.

தேனப்பன் தலையை உதறிக்கொண்டான். 'பாறையில் பட்டு எதிரொலித்திருக்கும். என் காது என்னை ஏமாற்றலாம், தாயின் கால் ஏமாற்றுமா? அதிலும் இவள்! பிள்ளையை விட்டு ஓர் அடி நகராமல் எட்டு நாள் கிடந்தவள். அழுகிற பிள்ளையை விட்டுவிட்டு இன்னொரு பக்கம் ஓடுவாளா?' என்று நினைத்தான். பதுங்கிப் பதுங்கி அவள் பின்னால் போனான்.

செம்பி இண்டம்புதருக்கு முன்னால் மண்டியிட்டிருந்தாள். மூக்கைப் புதரின் ஓரத்தில் நுழைத்து, நாக்கை நீட்டி வெறுங்காற்றை நக்கிக்கொண்டிருந்தாள். நக்கி நக்கி, மோவாயைத் தாழ்த்தி, அப்படியே அழுத்தி வைத்திருந்தாள். எத்தனை நாள் பழக்கம்! கொஞ்சம்கூடப் பிசகவில்லை.

'ஓகோ! புதருக்குள்ளேயா வைத்திருக்கிறாள்? நான் மண்ணை மோந்துவிட்டுப் போய்விட்டேனே, மடையன்!' என்று தேனப்பன் தன்னையே திட்டிக்கொண்டான்.

செம்பி எழுந்தாள். புதரைப் பார்த்து "ம்ங்" என்று செருமினாள். தூங்கிய பிள்ளையை விட்டுப் போகிறவள்போல் அடிமேல் அடி வைத்து விலகி, புல்லுக்குள் மறைந்தாள்.

தேனப்பன் பொறுக்கவில்லை. தலையை நுழைத்தான். முள் வழி விட்டது. தோளை நுழைத்தான். வழி விட்டது. குட்டி இன்னும் உள்ளே இருக்கும் என்று இடுப்பு வரை நுழைத்தான். அப்போதும் வழி விட்டது. உள்ளே பார்த்தான். சருகு இருந்தது, ஓர் ஓணான் இருந்தது. ஓணான் அவனைப் பார்த்துத் தலையை ஆட்டியது.

திரும்பி வர ஓர் அடி பின்னால் வைத்தான். அவ்வளவுதான்! காதில் நாலு கொக்கி, கழுத்தில் பத்து, முதுகில் கணக்கே இல்லை. உதறினான், இன்னும் ஆழமாக ஏறியது. புரண்டான், வயிற்றிலும் ஏறியது. ஊளையிட்டான்.

ஊளை கேட்டதும் தித்தி வந்துவிட்டாள். வந்தவள் சும்மா இருப்பாளா? "நரி! நரி! இண்டம்புதரிலே நரி!" என்று காட்டைச் சுற்றிச் சுற்றிக் கத்தினாள். மான்கள் வந்தன, மயில்கள் வந்தன, மரமெல்லாம் குரங்குகள் வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன.

செம்பி புல்லை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"தங்கச்சி!" என்று கதறினான் தேனப்பன். "என் கண்ணு இல்லே! இந்தக் கொடியைக் கொஞ்சம் மிதிச்சுப் பிடியேன். வலி உயிர் போகுது!"

செம்பி அவனையே பார்த்தாள். முதல் குட்டியின் நெற்றியில் மூன்று வெள்ளைப் புள்ளி இருந்தது. அது ஞாபகம் வந்தது.

"அழாதீங்கண்ணே," என்றாள். "கொஞ்ச நேரம் சிணுங்குங்க. தானா அடங்கிடும்."

அன்று வெயில் சாயும்வரை அவன் அங்கேதான் கிடந்தான். கடைசியில் பாதி ரோமத்தையும் ஒரு காதின் நுனியையும் முள்ளுக்கே கொடுத்துவிட்டு உருவிக்கொண்டு ஓடினான். அந்தக் காட்டுப் பக்கம் பிறகு அவன் தலை காட்டவில்லை.

அவன் முள்ளில் கிடந்தபோதே செம்பிக்கு அக்கரைக்கு ஓட வேண்டும்போல் இருந்தது. மொக்கு இருக்கிறதா, எழுந்து எங்காவது போய்விட்டதா என்று தெரியவில்லை. ஆனாலும் அவன் கண்ணுக்கு எதிரே போகக்கூடாது. நின்ற இடத்திலேயே நின்றாள். அவன் கரட்டைத் தாண்டி மறைந்த பிறகுதான், தினமும் பால் கொடுக்கும் நேரத்துக்கு, ஓடையைக் கடந்தாள்.

புல்லை விலக்கினாள்.

மொக்கு இருந்தது. படுக்க வைத்த இடத்திலேயே சுருண்டு, தன் தொடைமேல் தன் மோவாயை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

செம்பியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. குனிந்தாள். மோவாயை அதன் முதுகில் வைத்துக்கொள்ள ஆசை ஆசையாக வந்தது. ஒரு விரற்கடை தூரத்தில் நிறுத்திக்கொண்டாள். நான் இல்லாமலே தூங்குகிறது என்று நினைத்தாள். சந்தோஷமா, வருத்தமா என்று அவளுக்கே புரியவில்லை. இரண்டும்தான் இருந்தன.

அது தானாக விழிக்கும்வரை காத்திருந்தாள். மொக்கு விழித்து, சோம்பல் முறித்து, அம்மாவைப் பார்த்தது. கத்தவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு வந்து, வயிறு புடைக்கக் குடித்தது. குடித்துவிட்டு, யாரும் சொல்லாமலே ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்து, பின்னங்காலை இழுத்துக்கொண்டது.

செம்பி ஒரே ஒரு தரம் நக்கினாள். "ம்ங்" என்றாள். தலை நிமிர்ந்து மேயப் போனாள்.

திரும்பிப் பார்க்கவே இல்லை என்று சொன்னால் கதைக்கு அழகாக இருக்கும். ஆனால் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். பாறை தாண்டும்போது ஒரே ஒரு தரம் பார்த்தாள்.

நீதி: தானே அடங்கித் தூங்கப் பிள்ளையைப் பொறுமையாகப் பழக்கிய தாய், தான் பக்கத்தில் இல்லாத நேரத்திலும் அதைக் காக்கிறாள்.